தந்தை வாங்கிய முன்பணம்

காஞ்சிபுரம் என்றதும் கோயிலும் பட்டும் நம் நெஞ்சில் ஒருங்கே தோன்றும். கயிலாசநாதர் கோயிலின் பல்லவர் காலச் சிற்பங்களும், ஏகாம்பரநாதர் கோயிலின் ஓங்கிய கோபுரமும், வரதராசர் கோயிலின் நூற்றுக்கால் மண்டபமும் அந்நகரின் தொன்மைக்குச் சான்று பகர்கின்றன. அந்நகரின் பட்டோ, சாதி சமய வேறுபாடின்றித் தமிழரின் மணவிழாக்களில் இடம்பெறுகிறது. நாம் பீடத்தின் முன் மந்திரித்து மணமகளுக்கு அளிக்கும் கூறைப்புடவையும் பல வேளைகளில் காஞ்சித் தறியில் பிறந்ததே.

ஆனால், பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் கோயில் வழிபாட்டையும் நெசவுக் கலையையும் போலவே தந்தையிடமிருந்து மகனுக்குக் கைமாறி வந்த மூன்றாவது பொருள் ஒன்றும் உண்டு. அது கடன். தந்தை வாங்கிய முன்பணம் மகனின் தறிக்கு வந்து சேர்ந்தது; மகனால் அடைக்க இயலாததை அவனுடைய பிள்ளையின் கைகள் அடைக்க வேண்டியதாயிற்று. ஏன் இப்படி என்று கேட்டால், 'எல்லாம் தலையெழுத்து' என்னும் ஒற்றை விடையே பல காலமாகக் கிடைத்து வந்தது.

அது தலையெழுத்துத்தானா என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்ப விழையும் வினா. தலையெழுத்துக்குத் தேதி கிடையாது. வரலாற்றுக்குத் தேதி உண்டு. ஒரு துன்பம் எந்த ஆண்டில், எவ்வழியாக வந்தது என்று காட்ட முடியுமானால், அது மனிதர் கையால் வந்தது என்றாகும். மனிதர் கையால் வந்ததை மனிதர் கையால் நீக்கவும் கூடும்.

கணக்கைக் காத்த நெசவாளர்

காஞ்சி நெசவாளர் என்றும் கடனாளிகளாகவே இருந்தனர் என்று எண்ணுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் வெளியிடப்பட்ட உத்தம சோழனின் செப்பேடுகள் இன்று சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன. கச்சிப்பேடு என்று அவை குறிக்கும் ஊர் காஞ்சியே. அங்கிருந்த திருமால் கோயில் ஒன்றின் நிலம், பொன், வட்டி வருவாய் ஆகியவற்றை அச்செப்பேடுகள் விரித்துரைக்கின்றன. அவ்வறக்கட்டளைகளை மேற்பார்வையிடும் பொறுப்பு, நகரின் நான்கு சேரிகளில் வாழ்ந்த நெசவாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்காலத்தில் சேரி என்பது குடியிருப்பு என்னும் பொருளையே தந்தது. ஆக, பிறர் பணத்தை நாணயத்துடன் காக்கத் தக்கவர் என்று அரசன் நம்பிய மக்கள் அன்றைய காஞ்சி நெசவாளர்.

அக்காலத்திலும் சுமைகள் இல்லாமலில்லை. தறி ஒவ்வொன்றுக்கும் தறியிறை என்னும் வரி இருந்தது. ஆயினும் நெசவாளர் ஒன்றுகூடிப் பேசவும், தங்கள் உரிமையைக் கேட்டுப் பெறவும் வல்லவராக இருந்தனர். விசயநகர ஆட்சியில், பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், காஞ்சிக் கைக்கோளர் அனுபவித்து வந்த தண்டு, சங்கு ஆகிய சிறப்புரிமைகளைத் தங்களுக்கும் அளிக்குமாறு பிற பகுதிக் கைக்கோளர் கேட்டுப் பெற்றதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. பல்லக்கில் செல்வதும் சங்கு ஊதுவிப்பதும் அன்று உயர் மதிப்பின் அடையாளங்கள். காஞ்சி நெசவாளரின் நிலை பிறருக்கு அளவுகோலாய் விளங்கியது என்பதை இதனால் உணர்கிறோம்.

முன்பணம் விலங்கான காலம்

முன்பணம் என்பது பிற்காலத்தில் முளைத்த வழக்கமன்று. வணிகர் நெசவாளருக்கு முன்கூட்டியே பணம் தருவது பல நூற்றாண்டுப் பழக்கம். நூல் வாங்கவும், நெய்து முடிக்கும்வரை குடும்பம் உண்ணவும் அப்பணம் உதவியது. வியப்புக்குரிய செய்தி யாதெனில், அன்று முன்பணம் நெசவாளரைக் காக்கும் கேடயமாக இருந்தது என்பதாகும். தென்னிந்திய நெசவாளரைப் பற்றி 2001ஆம் ஆண்டில் நூல் வெளியிட்ட வரலாற்று ஆய்வாளர் பிரசன்னன் பார்த்தசாரதி இதனை விளக்குகிறார். பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், வேறொரு வணிகர் கூடுதல் விலை தந்தால், நெசவாளர் முன்பணத்தைத் திருப்பித் தந்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். வணிகரோ கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்டு ஒப்பந்தத்தை முறிக்க வழக்கம் இடந்தரவில்லை. ஆட்சியாளர் கொடுமை செய்தால் நெசவாளர் ஊரோடு பெயர்ந்து வேறிடம் சென்று விடுவர். தறியும் திறமையும் எங்கும் வரவேற்கப்பட்டன.

இந்நிலை எப்போது மாறியது? 1763ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாப் செங்கற்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். காஞ்சிபுரமும் அதனுள் அடங்கியது. துணி வாங்கும் வணிகனே வரி வாங்கும் அரசனாகவும் ஆனான். 1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிக்கு அருகிலுள்ள புள்ளலூரில் ஐதர் அலியின் படை கம்பெனிப் படையை முறியடித்தது. அப்போர்க் காலத்தில் சுற்றுவட்டார ஊர்கள் பாழாயின. போர் ஓய்ந்தபின் கம்பெனியின் பிடி இறுகிற்று. கம்பெனியிடம் முன்பணம் பெற்றவர் வேறு எவருக்கும் நெய்யலாகாது, நிலுவை வைத்தவர் கம்பெனியை விட்டு நீங்கலாகாது என்னும் விதிகள் அரசு அதிகாரத்தின் துணையோடு வந்தன. பெற்ற பணத்தைத் திருப்பித் தந்து விலகும் உரிமை மறைந்தது. அதே முன்பணம், அதே தறி, அதே கைகள். மாறியது அதிகாரம் ஒன்றே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆலைத் துணி வந்து குவிந்தது. கம்பெனியும் துணி வாணிகத்திலிருந்து விலகிற்று. நெசவாளர் பலர் தறியை விட்டனர். பலர் கடல் கடந்து கூலிகளாய்ச் சென்றனர். எஞ்சியவர்க்குத் துணை செய்தது, ஆலைகளால் எளிதில் போலி செய்ய முடியாத பட்டும் சரிகையும். பருத்தி நெசவில் பெயர் பெற்றிருந்த காஞ்சி, இருபதாம் நூற்றாண்டில் பட்டு நகராக மலர்ந்தது. ஆனால் பட்டு நூலும் சூரத்துச் சரிகையும் விலை மிகுந்தவை. சொந்தப் பணத்தில் அவற்றை வாங்க நெசவாளரால் இயலாது. ஆகவே மூலப்பொருளும் முன்பணமும் முதலாளியின் கையில். தறியும் உழைப்பும் நெசவாளியின் வீட்டில் என்னும் ஏற்பாடு நிலைபெற்றது.

இரண்டு கைகள் போதாத தறி

இவ்வேற்பாட்டில் குழந்தை எவ்வாறு சிக்கியது என்பதைப் புரிந்துகொள்ள, காஞ்சிப் பட்டு நெய்யப்படும் முறையைச் சற்று அறிய வேண்டும். காஞ்சிச் சேலையின் தனிச்சிறப்பு கோர்வை. சேலையின் உடல் ஒரு நிறம். இரு கரைகள் வேறு நிறம். உடலின் ஊடை கரைக்குள் செல்வதில்லை. கரையின் ஊடை உடலுக்குள் வருவதில்லை. இரண்டும் எல்லையில் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். இதற்கு மூன்று நாடாக்கள் தேவை. நெசவாளர் இரண்டை ஓட்டுவார். மறுபக்கக் கரையின் நாடாவை ஓட்ட இன்னொருவர் அவரருகே அமர்ந்தாக வேண்டும்.

அந்த இன்னொருவர் பெரியவரானால் அவருக்கும் கூலி தர வேண்டும். ஒரு சேலையை முடிக்கப் பத்து முதல் இருபது நாள் ஆகும். அதற்குக் கிடைக்கும் கூலி இருவருக்குப் போதாது. எனவே அவ்விடத்தில் குழந்தை அமர்ந்தது. வீட்டில் பிள்ளை இருந்தால் அப்பிள்ளை. இல்லையேல் அடுத்த தெருவின் ஏழைப் பிள்ளை. அப்பிள்ளையின் பெற்றோருக்குச் சில ஆயிரம் ரூபாய் முன்பணம் தரப்பட்டது. பணம் திரும்பும்வரை பிள்ளை தறியை விட்டு நீங்கக் கூடாது. பிள்ளை பெறும் சிறு கூலியோ உணவுக்கே சரியாகும், அசல் குறையாது. முதலாளியிடம் கடன்பட்ட நெசவாளி, தன்னிலும் ஏழையான ஒருவருக்குக் கடன் கொடுத்தவனாய் நின்றான். கட்டுண்டவனே மற்றொருவனைக் கட்டினான். இது கொடியவர் சிலரால் மட்டும் நடந்த கொடுமையாக இருந்திருந்தால், எளிதில் ஒழிந்திருக்கும்.

மழைக்காலத்தையும் நாம் மறத்தலாகாது. குழித்தறியில் நீர் ஊறும்; ஈரக்காற்றில் பாவு பதம் கெடும். வேலையற்ற அந்நாள்களில் குடும்பம் கடனில்தான் உண்டது. மகளின் திருமணம், மனைவியின் பேறுகாலம், முதியவரின் நோய், இறப்புச் செலவு ஒவ்வொன்றும் முன்பணத்தை ஏற்றின. 2008ஆம் ஆண்டில் வெளிவந்து தேசிய விருது பெற்ற 'காஞ்சிவரம்' திரைப்படம், மகளின் திருமணத்துக்குப் பட்டுச் சேலை நெய்ய விழைந்து அதற்காகவே அழிந்த ஒரு நெசவாளியின் கதையைச் சொன்னது. ஆயிரம் சேலை நெய்த கை தன் மகளுக்கு ஒன்று நெய்ய இயலாமற் போன அவலம், அந்நகரத்தார்க்குக் கற்பனையாகத் தோன்றியிராது.

சட்டமும் அதன் வாயிலும்

பிள்ளையை அடகு வைக்கும் கடன் உலகில் பழையது. நெகேமியா நூலின் ஐந்தாம் அதிகாரத்தில் எருசலேமின் ஏழைகள் எழுப்பும் கூக்குரல் இதுவே: பஞ்சத்தில் வயலையும் வீட்டையும் அடகு வைத்தோம், இப்போது எம் மக்கள் அடிமைகளாகின்றனர் என்பது அவர்தம் முறையீடு. ஆளுநராயிருந்த நெகேமியா அவர்களுக்கு ஆறுதல் மட்டும் கூறி அனுப்பவில்லை. கடன் கொடுத்த தலைவர்களை மக்கள் முன் நிறுத்தி, அடகுப் பொருளைத் திருப்பித் தருமாறு ஆணையிட வைத்தார். இறைவாக்கினர் எசேக்கியேலின் காலத்தில், தந்தையர் தின்ற புளிப்பு மகனின் பல்லைக் கூசச் செய்யும் என்னும் பொருளில் ஒரு பழமொழி வழங்கிற்று. அப்பழமொழியை இனி எவரும் சொல்லலாகாது என்று அவர் கண்டித்தார். தலைமுறைச் சாபம் என்னும் எண்ணத்தை மறுத்த தொன்மையான குரல்களுள் அதுவும் ஒன்று.

நம் நாட்டில் அக்குரல் சட்டமாவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த அரச ஆணையம் 1931ஆம் ஆண்டில், பெற்றோரின் கடனுக்காகக் குழந்தைகளின் உழைப்பு அடகு வைக்கப்படுவதைச் சுட்டிக்காட்டியது. அதன் பயனாக 1933ஆம் ஆண்டில், அத்தகைய ஒப்பந்தங்கள் செல்லாதவை எனச் சட்டம் பிறந்தது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் ஒரு படி மேலே சென்று, கொத்தடிமைக் கடன் அனைத்தும் அழிந்துவிட்டதாக அறிவித்தது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயதுக்குட்பட்டோரைத் துணி நெசவில் ஈடுபடுத்துவதைத் தடை செய்தது. ஆனால் குடும்பத்தாரின் துணையோடு நடைபெறும் பணிக்கூடத்துக்கு அத்தடை பொருந்தாது என ஒரு வாயிலையும் திறந்து வைத்தது. காஞ்சியின் தறியோ வீட்டுக்குள் இருந்தது. அந்த வாயில் வழியாக, அடுத்த வீட்டுப் பிள்ளையும் 'எங்கள் குழந்தை' என்னும் பெயரில் நுழைந்தது.

1995ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அமர்த்திய ஆணையர்கள், தமிழ்நாட்டில் கொத்தடிமை முறை பல தொழில்களில் வேரூன்றியிருப்பதை வெளிக்கொணர்ந்தனர். 1996ஆம் ஆண்டில் பன்னாட்டு மனித உரிமை அமைப்பொன்று வெளியிட்ட அறிக்கை, காஞ்சிப் பட்டுத் தறிகளில் கட்டுண்ட குழந்தைகளைப் பற்றி உலகுக்கு உரைத்தது. அதே ஆண்டு டிசம்பரில், சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம், தடை செய்யப்பட்ட தொழிலில் குழந்தையை அமர்த்தியவர் குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் நிதியில் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2003ஆம் ஆண்டில் அவ்வமைப்பு மீண்டும் பட்டுத் தொழிலை ஆராய்ந்தபோதும், காஞ்சியில் கட்டுண்ட குழந்தைகள் இருக்கவே செய்தனர். சட்டம் கதவைத் திறக்கும். ஆனால் பசித்த வீட்டிலிருந்து ஒரு பிள்ளை வெளியே நடந்து வரச் சட்டம் மட்டும் போதாது என்பதை அந்த ஆண்டுகள் நமக்குக் கற்பித்தன.

கட்டு தளர்ந்த வழிகள்

அப்படியானால் கட்டைத் தளர்த்தியவை எவை? நாம் மூன்றைக் காண்கிறோம்.

முதலாவது, கூட்டுறவு. 1844ஆம் ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் இருபத்தெட்டுத் தொழிலாளர் சிறு தொகை சேர்த்து ஒரு கடை திறந்தனர். அவர்களுள் நெசவாளர் பலர். செருமனியில் ரைஃபைசன் ஏழை உழவர்க்காகக் கடன் சங்கங்களை அமைத்தார். தனித்து நின்றால் பிணையம் இல்லாத ஏழைகள், ஒருவருக்கொருவர் பிணையமாக நின்றால் கடன் பெறலாம் என்பதே அச்சங்கங்களின் அடிப்படை. சென்னை மாகாண அதிகாரி பிரடெரிக் நிக்கல்சன் 1890களில் அம்முறையை இங்கு பரிந்துரைத்தார். 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அவ்வாண்டு அக்டோபரிலேயே இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவு செய்யப்பட்டது. அது பதிவானது பம்பாயிலன்று, கல்கத்தாவிலன்று, காஞ்சிபுரத்தில். கடனால் வாடிய நகரமே கடனுக்கு மாற்றைத் தேடுவதில் நாட்டுக்கு முன் நடந்தது.

பின்னர் வந்த காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா, திருவள்ளுவர் முதலிய பெயர்களைத் தாங்கிய பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள், பட்டும் சரிகையும் தந்து, கூலியும் தந்து, விற்பனையையும் ஏற்றன. சங்க உறுப்பினர்க்கு நிலையான கூலியும் சேமநிதியும் கிடைத்தன. ஆயினும் எல்லா நெசவாளரும் சங்கத்தில் இல்லை. சரக்குத் தேங்கினால் சங்க வேலை நின்றது. அனைத்துக்கும் மேலாக, பட்டு நூலுக்குக் கடன் தந்த சங்கம், நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் மருந்துக்குக் கடன் தரவில்லை. தந்தவர் முதலாளி. அந்த இரவின் நன்றிக்கடன், பணக்கடனைவிட வலிமையாய்க் கட்டியது. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டு தருமபுரியில் தொடங்கிப் பிற மாவட்டங்களுக்குப் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களின் அருமை இங்கேதான் விளங்குகிறது. மருந்துக்கும் பள்ளிக்கும் வேண்டிய சிறு தொகையைத் தாய்மாரே தம் சேமிப்பிலிருந்து தமக்குக் கொடுத்துக்கொண்டனர்.

இரண்டாவது, பள்ளி. நெசவாளர் குடும்பமொன்றில் 1909ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் காஞ்சியில் பிறந்த அண்ணாதுரை, பச்சையப்பன் பள்ளியிலும் பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் பயின்று, 1967ஆம் ஆண்டில் இம்மாநிலத்தின் முதலமைச்சரானார். கைத்தறித் தொழில் நலிந்து நெசவாளர் பசித்திருந்த 1953ஆம் ஆண்டில் அவரே துணியைச் சுமந்து தெருவில் விற்றதைப் பெரியோர் நினைவுகூர்வர். அரசியலில் நம்முள் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் தறிக்கும் அரசுக் கட்டிலுக்கும் இடையே இருந்தது ஒரு பள்ளிக்கூடம் என்னும் உண்மையில் வேறுபாடு இல்லை. அவர் ஒருவர். தெருவிலிருந்த ஏனைய பிள்ளைகளுக்கும் பள்ளி எட்ட வேண்டுமாயின் அவர்களது பசி தீர வேண்டும். காமராசர் காலத்தில் மதிய உணவாகத் தொடங்கி, 1982ஆம் ஆண்டில் சத்துணவாக விரிந்து, 2022ஆம் ஆண்டில் காலை உணவையும் சேர்த்துக்கொண்ட திட்டங்கள், தறியில் அமரும் பிள்ளைக்குக் கிடைத்த ஒரு வேளைச் சோற்றுக்குப் பள்ளியில் மாற்று வைத்தன. 2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயதுவரை கல்வியை உரிமையாக்கிற்று.

மூன்றாவது, வீடு வீடாகச் சென்ற மனிதர்கள். 1988ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகளும், காஞ்சி வட்டாரத் தொண்டு நிறுவனங்களின் இணைப்புப் பள்ளிகளும், தறியிலிருந்து மீட்ட பிள்ளைக்கு எழுத்தறிவித்து, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்தன. பத்து வயதுப் பிள்ளையை முதல் வகுப்புக் குழந்தைகளோடு அமர்த்தினால் வெட்கி ஓடிவிடும். அந்த வெட்கத்தைக் கடக்க உதவிய பாலம் அது. அதனினும் கடினமான பணி, பெற்றோரின் மனத்தை மாற்றுவது. 'பள்ளிக்கு அனுப்பினால் கடனை யார் அடைப்பது?' என்று கேட்ட தாய்க்கு, அக்கடன் 1976ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் அழிந்துவிட்டது என்று விளக்கிச் சொல்ல எவரேனும் அவள் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. கைத்தட்டல் ஏதும் பெறாத அப்பணியாளர்களின் நடை, சட்டத்தின் எழுத்துக்கு உயிர் தந்தது.

எதிர்நோக்கு என்னும் சொல்

பழைய ஞானோபதேசத்தில் விசுவாசம், நம்பிக்கை, நேசம் என்று படித்தோம். 1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பு, இவற்றுள் இரண்டாவதை எதிர்நோக்கு என்று பெயர்த்தது. தொடக்கத்தில் பலருக்கும் அச்சொல் புதிதாய்த் தோன்றினும், அதன் பொருள் ஆழமானது. நம்பிக்கை உட்கார்ந்த இடத்திலும் இருக்கலாம். எதிர்நோக்குபவனோ முகத்தைத் திருப்பி, வரும் திசையைப் பார்க்க வேண்டும். வள்ளுவரும் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாமல், ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார்.

காஞ்சியின் வரலாறு எதிர்நோக்கைப் பற்றி நமக்குச் சொல்வது இதுவே. ஏழை ஒருவன் மனத்துக்குள் வளர்த்துக்கொள்ளும் இனிய உணர்வாக மட்டும் அது இருந்தவரை, கடன் அசையவில்லை. சங்கமாகவும், சட்டமாகவும், சத்துணவாகவும், வாசலில் நிற்கும் மனிதராகவும் அது உருப்பெற்றபோது கட்டு தளர்ந்தது. 'நம்பிக்கையோடு இரு' என்று ஏழைக்குச் சொல்வது எளிது. அவன் நம்புவதற்கு உரிய ஒன்றை அவன் தெருவில் உண்டாக்குவதே கடினம். அதுவே நம் கடமை.

விடுதலை முற்றுப்பெற்றது என்று நாம் கூறவில்லை. காஞ்சித் தறிகளில் இன்று குழந்தைகளைக் காண்பது முன்போல் எளிதன்று. பல தறிகளில் மனைவியே கணவனுக்குத் துணையாய் நாடா ஓட்டுகிறாள். கோர்வையின்றி ஒருவரே நெய்யும் சேலைகளும் பெருகியுள்ளன. நெசவாளர் பிள்ளைகள் பட்டதாரிகளாகியுள்ளனர். திருப்பெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைப் பகுதிகளில் 1990களின் இறுதி முதல் எழுந்த தொழிற்சாலைகளுக்குப் பேருந்தில் சென்று திரும்பும் இளையோர் பலர். ஆனால் அங்கும் ஒப்பந்தப் பணி என்னும் நிலையாமை உண்டு. 2006ஆம் ஆண்டில் திறந்த கைப்பேசித் தொழிற்சாலை ஒன்று 2014ஆம் ஆண்டில் மூடப்பட்டபோது, ஆயிரக்கணக்கான இளையோர் ஒருசேர வேலையிழந்தனர். தறிக் கடனிலிருந்து விடுபட்டவர் தவணைக் கடனில் விழுவதும் உண்டு.

மறுபுறம், தறியில் அமர்பவரின் வயது ஏறிக்கொண்டே போகிறது. 'என் மகன் இத்தொழிலுக்கு வரவேண்டாம்' என்று சொல்லாத நெசவாளர் அரியர். அச்சொல்லைக் கேட்டுக் கலை அழிகிறதே என்று வருந்துவோரிடம் நாம் பணிவுடன் கேட்கிறோம்: பிள்ளையின் கையை அடகு வைத்துத்தான் ஒரு கலை வாழ வேண்டுமா? 2005ஆம் ஆண்டையொட்டிக் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குக் கிடைத்த அக்காப்பு, நெய்தவரின் கூலிக்கும் கிடைத்தால், மகன் கட்டாயத்தால் அன்றி விருப்பத்தால் தறிக்கு வருவான். தறியை விட்டு விலகும் உரிமையோடு தறியில் அமரும் உரிமையும் சேர்ந்ததே விடுதலை. முன்பணத்தைத் திருப்பித் தந்து விலகிய அன்றைய நெசவாளர்க்கு இருந்ததும் அவ்வுரிமையே.

1891ஆம் ஆண்டில் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர், தொழிலாளர் நிலை பற்றிய தம் சுற்றுமடலில், கூலி என்பது இருவர் இசைந்த விலை மட்டுமன்று, உழைப்பவன் முறையாக வாழப் போதுமானதாகவும் இருக்க வேண்டும் என்னும் கருத்தை வலியுறுத்தினார். அக்கருத்து ஆலை முதலாளிக்கு மட்டும் உரியதன்று. கடையில் அமர்ந்து சேலையை விரித்துப் பார்த்து விலை குறைக்கச் சொல்லும் நமக்கும் உரியது. திருமணப் பட்டு வாங்கும்போது நிறத்தையும் சரிகையையும் உற்று நோக்குகிறோம். இதை நெய்தவர்க்கு என்ன கூலி கிடைத்தது, இது கூட்டுறவுச் சங்கத்தின் நெசவா என்று ஒரு வினா கேட்பதால் நம் மகிழ்ச்சி குறைந்துவிடாது. ஒருவர் கேட்டால் கடைக்காரர் சிரிக்கலாம். பலர் கேட்டால் விடை தேடுவார்.

நம் பங்குகளிலும் நெசவுக்கு மாற்றான பெயர்களில் இதே கடன் உண்டு. செங்கற்சூளையில், அரிசி ஆலையில், கல்லுடைக்கும் குவாரியில் தந்தை வாங்கிய முன்பணத்துக்காகப் பள்ளியை விட்ட பிள்ளை நம் மறைக்கல்வி வகுப்பிலும் இருக்கலாம். பெயர்ப் பட்டியலில் உள்ள ஒரு பிள்ளை மூன்று வாரம் வராதிருந்தால், அப்பிள்ளையின் வீடுவரை நடந்து செல்ல ஒருவர் முன்வர வேண்டும். அவ்வீட்டின் கடன் எவ்வளவு, எவரிடம் என்று பரிவோடு கேட்க வேண்டும். சட்டத்தின் முன் அக்கடன் இல்லை என்பதைச் சொல்லி, மாவட்ட ஆட்சியர் அலுவலகம்வரை உடன் செல்ல வேண்டும். காஞ்சியில் கட்டுகள் அவிழ்ந்தது இத்தகைய சிறு நடைகளால்தான்.